வெனிஸுக்கு அரை நாள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கும்போது தங்கள் நாளிதழில் ஐரோப்பியச் சுற்றுலா விளம்பரங்கள் வரிசைகட்டி வருகின்றன. பத்து நாளில் ஆறு நாடு, ஏழு நாடு என்று ஓடும் அந்தப் பயணத் திட்டங்களில் வெனிஸுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை நாள்தான். காலை பத்து மணி வாக்கில் பேருந்து த்ரொன்கெத்தோ தீவில் நிற்கும். அங்கிருந்து படகில் ஊரின் மையச் சதுக்கமான சான் மார்க்கோ. பிறகு கண்ணாடிப் பட்டறை, கொண்டோலா சவாரி, சதுக்கத்தில் சில படங்கள். நான்கு மணிக்குள் மீண்டும் பேருந்து. லட்சக்கணக்கில் செலவழித்துப் போகிறவர்கள் "ஒரே நெரிசல், எல்லாம் கொள்ளை விலை" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர்கள் பார்த்தது அந்த ஊரின் மிக மோசமான ஆறு மணி நேரத்தை. பயணத்துக்குப் பணம் கட்டப்போகும் வாசகர்களுக்கு உதவும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

வெனிஸ் மாநகராட்சி 2024 முதல் பகல்நேரப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. 2025-ல் ஏப்ரல் 18 முதல் ஜூலை 27 வரை, தேர்ந்தெடுத்த 54 நாட்களில், காலை 8.30 முதல் மாலை 4 வரை மட்டும் அது நடைமுறையில் இருந்தது. நெரிசல் எப்போது என்பது ஊராருக்குத் துல்லியமாகத் தெரியும். அதே நேரத்தில்தான் நம் சுற்றுலாக் குழுக்கள் உள்ளே இருக்கின்றன. மே மாதத்தில் அங்கே இரவு எட்டரை வரை வெளிச்சம் இருக்கும். நான்கு மணிக்குக் கிளம்பும் குழு, கூட்டம் வடியத் தொடங்கிய பிறகு கிடைக்கும் நாலு மணி நேர வெளிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு வருகிறது.

ஆகவே முதல் வேலை, ஓர் இரவாவது பழைய நகரம் இருக்கும் தீவுக்குள் தங்குவது. அறை வாடகை கரைப்பக்கத்து மெஸ்த்ரேயைவிடக் கூடுதல்தான். முடிந்தவர்கள் இந்த ஓர் இரவுக்குச் செலவழித்து வேறு எங்காவது மிச்சம் பிடிப்பது நல்லது. விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது நட்சத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: பக்கத்துப் படகுத்துறை எது? அங்கிருந்து வாசல்வரை எத்தனை பாலம்? ஊருக்குள் கார், ஆட்டோ எதுவும் கிடையாது. நானூற்றுக்கு மேற்பட்ட பாலங்கள் உண்டு, அநேகமாக எல்லாவற்றிலும் படிகள். 23 கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்கு பாலம் ஏறி இறங்கினால் அன்றைய நாள் அதோடு முடிந்தது. சாந்தா லூச்சியா ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்து இடப்பக்கம் திரும்பினால் லிஸ்தா தி ஸ்பான்யா என்ற தெரு. குலியே பாலம் வரும்வரை அதில் ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை. வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு அந்தப் பகுதி விடுதிகள் வசதி. முகவரியை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது. வெனிஸில் கதவு எண் தெருவுக்குத் தெரு தொடங்குவதில்லை. ஊரின் ஆறு பேட்டைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரே வரிசை எண், அது ஆயிரக்கணக்கில் போகும். "காஸ்தெல்லோ" என்ற பேட்டைப் பெயரும் நான்கிலக்க எண்ணும் மட்டும் கையில் இருந்தால் உள்ளூர்க்காரருக்கே வழி சொல்வது கடினம். தெருப் பெயரையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மெஸ்த்ரேயில்தான் தங்க முடியும் என்றாலும் வழி இருக்கிறது. ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். காலை ஆறரைக்கெல்லாம் தீவில் இறங்குங்கள். பகல் வெயிலில் அறைக்குத் திரும்பி ஓய்வெடுத்து, மாலை ஐந்துக்கு மறுபடி வாருங்கள். நுழைவுக் கட்டணத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. மெஸ்த்ரேயும் வெனிஸ் மாநகராட்சி எல்லைக்குள் வருவதால் அங்கே தங்குபவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் மாநகராட்சியின் இணையதளத்தில் பதிந்து விலக்குக்கான க்யூஆர் குறியீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். பதுவா, த்ரெவிஸோ போன்ற பக்கத்து ஊர்களில் தங்குபவர்களுக்கு இந்த விலக்குக் கிடையாது, அவர்கள் பணம் கட்டியே ஆக வேண்டும். 2025-ல் முன்கூட்டியே கட்டியவர்களுக்கு 5 யூரோ, கடைசி மூன்று நாளுக்குள் கட்டியவர்களுக்கு 10 யூரோ. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இல்லை. குறியீடு இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 50 யூரோவிலிருந்து தொடங்குகிறது. விளம்பரத்தில் "வெனிஸில் தங்கல்" என்று போட்டுவிட்டு உண்மையில் எந்த ஊர் விடுதியில் படுக்க வைக்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வது இதற்காகவும்தான்.

ஊருக்குள் போக்குவரத்து என்றால் வாப்பொரெத்தோ என்னும் நீர்ப்பேருந்து. ஒரு தடவைப் பயணச்சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். 24 மணி நேரச் சீட்டு 25 யூரோ, 48 மணிக்கு 35, 72 மணிக்கு 45. மூன்று முறை ஏறினாலே நாள் சீட்டு லாபம். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குச் சீட்டு வேண்டாம். சீட்டு வாங்கினால் மட்டும் போதாது; ஒவ்வொரு முறை ஏறும்முன்பும் துறை வாசலில் உள்ள இயந்திரத்தில் அதைக் காட்டி, "பீப்" சத்தம் கேட்ட பிறகே உள்ளே போக வேண்டும். பையில் செல்லுபடியாகும் சீட்டை வைத்துக்கொண்டே அபராதம் கட்டுகிறவர்கள் இதில்தான் தவறுகிறார்கள். அடுத்த தவறு திசை. ரியால்ட்டோ, சான் சக்கரியா போன்ற பெரிய துறைகளில் ஏ, பி, சி என்று தனித்தனி மிதவை மேடைகள் உண்டு. சின்னத் துறைகளிலோ இரு திசைப் படகும் ஒரே மேடைக்கு வரும். கயிறு கட்டும் ஊழியரிடம் போகும் இடத்தின் பெயரை மட்டும் கேள்வி போலச் சொன்னால் போதும், தலையசைப்பார். விமான நிலையத்திலிருந்து வரும் அலிலகூனா படகுக்கு இந்தச் சீட்டு செல்லாது. விமான நிலையத்திலிருந்து, தீவின் பேருந்து நிலையமான பியாட்சாலே ரோமா வரைக்கும் பேருந்து இருக்கிறது, சுமார் இருபது நிமிடத்தில் கொண்டுவந்து விடும்.

எல்லாரும் பணம் கட்டிப் பார்க்கத் துடிக்கும் காட்சி இந்தச் சாதாரணப் பேருந்துப் படகிலேயே கிடைக்கிறது. மாலையில் பியாட்சாலே ரோமாவில் ஒன்றாம் எண் படகில் ஏறுங்கள். அது புறப்படும் துறை என்பதால் உட்கார இடம் கிடைக்கும். வெளியே இருக்கை உள்ள படகு வந்தால் அதைப் பிடியுங்கள், இல்லாவிட்டால் அடுத்ததற்குக் காத்திருந்தாலும் தகும். ஊரின் பெரிய கால்வாயான கிராண்ட் கனால் முழுக்க வளைந்து வளைந்து, இரு கரையிலும் மாறி மாறி நின்று, முக்கால் மணி நேரத்தில் சான் மார்க்கோ போய்ச் சேரும். அரண்மனைகளின் முகப்பெல்லாம் தண்ணீரைப் பார்த்தே கட்டப்பட்டவை. தெருப்பக்கம் இருப்பது பின்வாசல். நடந்து மட்டும் வெனிஸைப் பார்த்தவர் வீடுகளின் முதுகைத்தான் பார்த்திருக்கிறார். இரண்டாம் எண் படகு விரைவு, நிறுத்தம் குறைவு; அவசரத்துக்கு அது, பார்ப்பதற்கு ஒன்றாம் எண். நள்ளிரவுக்குப் பிறகும் இரவுப் படகு ஓடுவதால் தங்குமிடம் தூரம் என்று பயப்பட வேண்டாம்.

கொண்டோலாவைப் பற்றி வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். மாநகராட்சி நிர்ணயித்த கட்டணம் பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, மாலை ஏழுக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110 யூரோ. இது ஒரு படகுக்கு, ஆளுக்கு அல்ல. ஐந்து பேர்வரை உட்காரலாம். பயணத் திட்டத்தில் தலைக்கு இவ்வளவு என்று போட்டிருந்தால் ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். ஏறும்முன் எத்தனை நிமிடம், எந்த வழி என்று பேசிவிட வேண்டும். சான் மார்க்கோவுக்குப் பின்னால் உள்ள குளம்போன்ற துறையில் ஏறினால் முன்னும் பின்னும் கொண்டோலாக்கள் இடித்துக்கொண்டு நிற்கும். சான் தொமா போன்ற துறையில் ஏறினால் உள்கால்வாய்களின் அமைதி கிடைக்கும். தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் படிகளின் கீழ்ப்பகுதியில் பாசி பச்சையாகத் தெரியும், அதில் கால் வைக்கவே கூடாது.

ஏறியதும் படகை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். ஏறத்தாழ 11 மீட்டர் நீளம், எட்டு வகை மரம், 280 துண்டுகள். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலம். படகோட்டி பின்முனையில் நின்று ஒரே துடுப்பை வலப்பக்கமாகவே போடுகிறார்; இரு பக்கமும் சமமாக இருந்தால் படகு இடப்பக்கம் வட்டமடிக்கும். அதைத் தடுக்கத்தான் இந்தக் கோணல். ஆள் ஏறாத கொண்டோலா ஒருபக்கமாய்ச் சாய்ந்து நிற்பதும் இதனால்தான். துடுப்பைத் தாங்கும் மரமுட்டு, ஃபோர்க்கொலா, வால்நட் (அக்ரூட்) மரத்தில் குடைந்தது. அதன் ஒரு வளைவில் துடுப்பை வைத்தால் முன்னே போகும், இன்னொன்றில் வைத்தால் நிற்கும், வேறொன்றில் பின்வாங்கும். படகோட்டியின் மணிக்கட்டைக் கவனித்தால் இந்த மாற்றங்கள் தெரியும். அரை மணி நேரமும் கைப்பேசியில் தன்னையே படமெடுத்துக்கொண்டிருப்பவருக்கு இது எதுவும் கண்ணில் படாது.

அவ்வளவு செலவு வேண்டாம் என்பவர்களுக்கு டிராகெத்தோ. இருவர் துடுப்புப் போடும் பெரிய கொண்டோலாவில் கிராண்ட் கனாலைக் குறுக்கே கடப்பது, 2 யூரோ, இரண்டு மூன்று நிமிடம். சாந்தா சொஃபியாவிலிருந்து ரியால்ட்டோ சந்தைக்குப் போகும் டிராகெத்தோவில் காலையில் ஏறினால் காய்கறிக் கடைகளுக்கு நடுவே இறங்கலாம். மீன் சந்தை ஞாயிறும் திங்களும் கிடையாது. ரியால்ட்டோவிலிருந்து ஐந்து நிமிட நடையில் கோர்த்தே செகொந்தா தெல் மிலியோன் என்ற சிறு முற்றம் இருக்கிறது. தாமிரபரணிக் கரையின் காயல் துறைமுகத்தைப் பற்றியும் முத்துக்குளிப்பைப் பற்றியும் சொல்லி எழுதவைத்த மார்க்கோ போலோவின் குடும்பம் வாழ்ந்த இடம் அது. வீடு இன்று இல்லை. பழைய வளைவும் நினைவுப் பலகையும் இருக்கின்றன. தமிழர்கள் தேடிப்போய்ப் பார்க்க வேண்டிய இடம், எந்தச் சுற்றுலா நிரலிலும் காணோம்.

சான் மார்க்கோ சதுக்கத்தைக் காலை ஏழு மணிக்கு முன் பாருங்கள். கூட்டிப் பெருக்குகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் மட்டும் இருப்பார்கள். பேராலயம் ஒன்பதரைக்குத் திறக்கும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை, சுடிதார், வேட்டி எதற்கும் தடையில்லை. அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும்தான் வாசலிலேயே திருப்பப்படும். முதுகுப்பை உள்ளே கூடாது, பக்கத்தில் பை வைக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டும். வரிசையில் நின்று வாசல்வரை வந்த பிறகு பைக்காகத் திரும்பி ஓடுவது அங்கே தினமும் நடக்கும் காட்சி. ஞாயிறு காலை வழிபாட்டுக்கு மட்டும். மேல்தளத்துக்குத் தனிச்சீட்டு எடுத்து ஏறினால் நான்கு வெண்கலக் குதிரைகளின் மூலச் சிற்பங்களைப் பார்க்கலாம். முகப்பில் நிற்பவை நகல்கள். மூலக் குதிரைகளை 1204-ல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து கொண்டுவந்தார்கள், 1797-ல் நெப்போலியன் பாரிஸுக்குத் தூக்கிப் போனார், 1815-ல் அவை திரும்பின.

மணிக்கோபுரத்துக்கு வரிசை நீளம். 1902 ஜூலை 14 அன்று இடிந்து விழுந்து, 1912-ல் அதே இடத்தில் அதே வடிவில் மீண்டும் எழுந்த கோபுரம் அது, 98.6 மீட்டர். அதில் ஏறினால் அந்தக் கோபுரத்தையே பார்க்க முடியாது. எதிர்த் தீவான சான் ஜோர்ஜோ மஜ்ஜோரேவின் கோபுரத்துக்கும் மின்தூக்கி உண்டு, கூட்டம் குறைவு. சான் சக்கரியாவிலிருந்து இரண்டாம் எண் படகில் ஒரே நிறுத்தம். சதுக்கம், அரண்மனை, கோபுரம் மூன்றும் தண்ணீருக்கு அப்பால் ஒரே சட்டத்தில் வரும். வெனிஸின் பழைய ஆட்சித்தலைவர் இருந்த டோஜ் அரண்மனைக்குச் சீட்டை 30 நாளுக்கு முன் இணையத்தில் எடுத்தால் விலை குறைவு. அதே சீட்டில் எதிரேயுள்ள கொர்ரெர் அருங்காட்சியகமும் சேரும். பெருமூச்சுப் பாலத்தை வெளியே நின்று படமெடுக்க முண்டியடிப்பதைவிட, அரண்மனைக்குள்ளிருந்து கைதிகள் நடந்த வழியே அதன் உள்ளே நடந்து போகலாம். அதுவும் இதே சீட்டில் அடக்கம்.

கண்ணாடிக்கு முரானோ. தீ விபத்துக்குப் பயந்து 1291-ல் உலைகளை அந்தத் தீவுக்கு மாற்றினார்கள். சான் மார்க்கோ பக்கம் "முரானோவுக்கு இலவசப் படகு" என்று அழைப்பவர்களோடு போனால் ஒரே ஒரு கடையின் காட்சியறையில்தான் இறக்குவார்கள், வாங்காமல் வெளியே வருவது சங்கடமாகும். ஃபொந்தமெந்தே நோவேயில் ஏறிச் சொந்தமாகப் போங்கள். பன்னிரண்டாம் எண் படகு முரானோவைத் தொட்டு, முக்கால் மணியில் புரானோவுக்குப் போகும். அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் தொர்செல்லோ. 639-ல் நிறுவப்பட்ட அதன் தேவாலயத்தில் இறுதித் தீர்ப்பைக் காட்டும் மொசைக் சுவர் ஒன்று இருக்கிறது. மூன்று தீவுக்கும் சேர்த்து ஒரு முழுநாள் வேண்டும், அரை நாளில் திணிக்கக் கூடாது.

சாப்பாட்டில் நம் சைவர்கள் ஏமாறும் இடங்கள் சில. பீகொலி இன் சால்ஸா என்ற சேமியா போன்ற உணவு பார்க்க வெறும் வெங்காயம் வதக்கியது போலிருக்கும், அதில் நெத்திலி கரைந்திருக்கிறது. ரிசொத்தோவில் காய்கறி மட்டும் என்று அட்டையில் போட்டிருந்தாலும் இறைச்சி அல்லது மீன் வேகவைத்த சாற்றில் செய்திருக்கலாம். "சென்சா கார்னே, சென்சா பெஷே" (இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்) என்று சொல்லி, சாறு எதில் எடுத்தது என்றும் கேட்க வேண்டும். பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பை நொதியால் உறையவைப்பது. கண்டிப்பான சைவர்கள் தவிர்க்கலாம். நம்பிச் சொல்லக்கூடியது மரினாரா பீட்சா: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான், பாலாடைக்கட்டி கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் சாந்த் எராஸ்மோ தீவின் இளங்கூனைப்பூ (ஆர்ட்டிசோக்) வரும், அதைத் தவறவிடாதீர்கள். உட்கார்ந்தால் தலைக்கு "கொப்பெர்த்தோ" என்று தனியாகச் சில யூரோ சேரும். அது மோசடி இல்லை, விலைப்பட்டியலில் போட்டிருக்கும். காப்பியை நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் இன்னொரு விலை. சதுக்கத்துக் காப்பிக்கடைகளில் வாத்திய இசைக்கும் சேர்த்து வாங்குவார்கள். தண்ணீர் பாட்டில் வாங்கத் தேவையே இல்லை, தெருவோரக் குழாய்கள் எல்லாம் குடிநீர். பொதுக் கழிப்பறைக்கு 1.50 யூரோ, சில்லறை வைத்திருங்கள்.

பூஜை விடுமுறையிலோ டிசம்பரிலோ போகிறவர்கள் வெள்ளத்தைப் பற்றிக் கேட்பார்கள். 2019 நவம்பர் 12 அன்று கடல்மட்டம் 187 சென்டிமீட்டர் ஏறிய ஊர் அது. 2020 அக்டோபர் 3 முதல் மோசே என்ற 78 மிதவைக் கதவுகள் கடல்வாய்களை அடைக்கின்றன. ஆனால் சுமார் 110 சென்டிமீட்டர் வரும் என்று கணித்தால்தான் கதவை எழுப்புவார்கள். சான் மார்க்கோ சதுக்கத்தில் அதற்கு முன்பே, 85 வாக்கிலேயே, தண்ணீர் நிற்கும். அது ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும். பயணத்தை ரத்து செய்யாமல் சதுக்கம் போகும் நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

அந்த ஊரில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1951-ல் பழைய நகரில் சுமார் 1,75,000 பேர், 2022-ல் அது 50,000-க்குக் கீழே போய்விட்டது. பாலத்தின் உச்சியில் குடும்பமாக நின்று படமெடுத்தால் பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்கள் பின்னால் தேங்குகிறார்கள். வலப்பக்கமாக நடக்க வேண்டும். படகில் முதுகுப்பையைக் கழற்றிக் காலடியில் வைக்க வேண்டும். சான் மார்க்கோவில் படிகளில் உட்கார்ந்து பொட்டலம் பிரிப்பதற்கும் புறாவுக்கு இரை போடுவதற்கும் அபராதம் உண்டு. 2024 ஆகஸ்ட் முதல் 25 பேருக்கு மேற்பட்ட குழுவுக்கும் ஒலிபெருக்கிக்கும் தடை. 45 பேரை ஒரே வழிகாட்டியோடு அனுப்பும் நிறுவனம் அங்கே குழுவைப் பிரித்தே ஆக வேண்டும், இரண்டாவது வழிகாட்டி யார் என்று இங்கேயே கேட்கலாம்.

தங்கள் பயணப் பக்கத்தில் வெனிஸைப் பற்றி எழுதும்போது, அரை நாள் திட்டத்தை அப்படியே பரிந்துரைக்காமல் இந்த விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வாசகர்கள் முன்பணம் கட்டும்முன் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: எந்த ஊரில் விடுதி, தீவுக்குள் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, நுழைவுக் கட்டணமும் விலக்குப் பதிவும் யார் பொறுப்பு, கொண்டோலாவுக்கு எத்தனை பேரை ஒரு படகில் ஏற்றுவார்கள். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், வெனிஸை அந்தத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டுத் தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்